சாமி படத்துக்குப் பக்கத்துப் படம்

“உங்க சர்டிபிகேட்டை மட்டும் குடுங்க மேடம், நீங்க கடைக்கு வரவே வேண்டாங்க” என்றார், ஏற்காட்டில் மருந்துக்கடை திறக்கப்போகிறவர். நான் பார்மசி படித்தவள். அவர் கடையில் ஊதுபத்தியும் டிங்சரும் கலந்து மணந்தன.

நான் சிறுமியாக இருந்தபோது மலையில் நாங்கள் மருந்து வாங்கிய கடையிலும் இதே மணம்தான். அங்கே முருகன் படத்துக்குப் பக்கத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு சர்டிபிகேட், அதில் கோட்டுப் போட்ட ஒருவரின் போட்டோ. கடைக்காரர் இரண்டுக்கும் பூ வைப்பார். படிக்கத் தெரியாத அம்மா, அது கடைக்காரரின் செத்துப்போன அப்பா என்று நினைத்து அவரையும் சேர்த்துக் கும்பிடுவாள்.

தம்பிக்குக் காய்ச்சல் வந்தபோது கடைக்காரர் பெரியவர்களுக்கான மாத்திரையை எடுத்துக் கொடுத்தார். “ஒண்ணும் ஆவாதுங்க, பாலுல கரைச்சுக் குடுங்க.” அதைக் குடித்ததும் உடம்பு மோசமாகி, சேலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பஸ் அடிவாரத்தைத் தொடுவதற்குள் அவன் அம்மாவின் மடியில் குளிர்ந்துபோனான்.

விசாரணைக்கு வந்த ஜீப்பிலிருந்து அந்தப் போட்டோவில் இருந்தவர் இறங்கினார். மருந்து படித்தவர் அவர்தானாம். சர்டிபிகேட்டை வாடகைக்கு விட்டுவிட்டுச் சேலத்திலேயே இருந்திருக்கிறார். அம்மா அழவில்லை. அவர் முகத்தையே பார்த்தாள்.

“ஏனுங்க, நீங்க உசுரோடதான் இருந்தீங்களா?”



“எல்லாரும் இப்படித்தானுங்க பண்றாங்க” என்றார் இந்தக் கடைக்காரர். அவருக்குப் பின்னால், சாமி படத்துக்குப் பக்கத்தில், ஆணி அடித்துத் தயாராக இருந்தது.

“வேண்டாங்க. நான் இன்னும் உசுரோடதான் இருக்கறேன்” என்றேன்.

அவருக்குப் புரியவில்லை.