எட்டு டெம்போவும் ஒரு ஜோஸ்பினும்

ஃபோன் வந்தால் ஜோஸ்பின் உடனே பேசமாட்டாள். காதில் வைத்து எதிர்முனையின் இரைச்சலை மூன்று நொடி கேட்பாள். "சயான் சிக்னல்ல நிக்கேன்க்கா" என்று டிரைவர் சொல்லி முடித்ததும், "சிக்னல்ல யாருடே வடை சுடுதா?" என்பாள். அந்தப் பக்கம் எதையோ அவசரமாக விழுங்கும் சத்தம் வரும். "முழுங்கிட்டு வண்டிய எடு." அதோடு ஃபோனை வைத்துவிடுவாள்.

தாராவியில் வானமாமலை அண்ணாச்சியின் இட்லி மாவுக் கம்பெனிக்கு எட்டு டெம்போக்கள். விடிவதற்குள் கிளம்பி மாட்டுங்கா, செம்பூர், கோவண்டி கடைகளில் மாவு இறக்கிவிட்டுத் திரும்பும். அவற்றை அனுப்புவதும் அதட்டுவதும் ஜோஸ்பின். வயது நாற்பத்திரண்டு. பதினான்கு வருடமாக அதே பிளாஸ்டிக் நாற்காலி. வண்டி கிளம்பும் நேரத்தை நீல மையில் எழுதுவாள், திரும்பும் நேரத்தைச் சிவப்பு மையில். ஐந்து முப்பத்திரண்டு என்றால் ஐந்து முப்பத்திரண்டுதான். அதை ஐந்தரை என்று எழுதுகிறவர்களை அவள் படித்தவர்களாகச் சேர்ப்பதில்லை.

கழுத்தில் பட்டையும் அடையாள அட்டையும் தொங்க வருகிறவர்களையும் அப்படித்தான். கல்யாணிலிருந்து பிரைட்டன் என்ற விற்பனைக்காரன் வந்தான். வண்டிகள் எங்கே ஓடுகின்றன என்பதை மேப்பில் காட்டும் ஜிபிஎஸ் அவனுடைய சரக்கு. அதில் இரண்டு வகை இருந்தன.

"மேடம், டிரைவர் ஃபோன்ல ஆப் போட்டா கம்மி செலவு. வண்டியில பெட்டி வெச்சா பேட்டரியில வயர் இழுக்கணும், அதுக்குத் தனி சிம்."

"ஃபோனை வீட்ல வெச்சிட்டு வண்டிய எடுத்தாம்னா?"

"அலர்ட் வரும் மேடம்."

"வண்டிய வீட்ல வெச்சிட்டு ஃபோனோட போனாம்னா?"

பிரைட்டன் கையிலிருந்த வழவழப்புத் தாளைத் திருப்பிப் பார்த்தான். பின்பக்கத்தில் சிரிக்கும் குடும்பம் ஒன்றின் படம்தான் இருந்தது.

ஒரு வாரம் இரண்டையும் போட்டுப் பார்ப்போம், எது வேண்டும் என்று நீயே சொல் என்றார் அண்ணாச்சி. ஜோஸ்பின் முன்னால் இரண்டு திரைகள் வந்தன. ஒன்றில் எட்டு ஃபோன்கள், இன்னொன்றில் எட்டுப் பெட்டிகள். எல்லாம் சிறு பொட்டுகள்.

திங்கட்கிழமையே அவளுக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. ஒரு டிரைவரின் ஃபோனை மகள் டியூஷனுக்கு எடுத்துப் போயிருந்தாள். அதனால் அவன் டெம்போ சுனாபட்டியில் ஒரு கட்டடத்துக்குள் மூன்று மணி நேரம் படித்துக்கொண்டிருந்தது. இன்னொரு டெம்போவின் பெட்டி, வண்டி மாஹிம் கழிமுகத்துத் தண்ணீருக்குள் நிற்பதாகக் காட்டியது. "அண்ணாச்சி, நாலாம் நம்பர் மீன் பிடிக்கப் போயிருக்கு. மாவைத் தூண்டில்ல வெச்சிருப்பான்."

செவ்வாய்க்கிழமை காலை அவள் சிரிக்கவில்லை. ஏழாம் நம்பர், பூதத்தான் ஓட்டுவது. பெட்டியின் பொட்டு செம்பூரிலும் கோவண்டியிலும் கடை கடையாக நின்று நகர்ந்தது. ஃபோனின் பொட்டு மட்டும் சயான் ஆஸ்பத்திரியில் ஆறு மணியிலிருந்து பத்து மணி வரை அசையாமல் இருந்தது. வியாழக்கிழமையும் அதேபோல். அவள் பூதத்தானைக் கூப்பிட்டாள். ஏதோ மெஷின் விட்டுவிட்டுக் கூவியது. யாரோ மராத்தியில் பெயர் கூப்பிட்டார்கள்.

"செம்பூர்லதான்க்கா இருக்கேன்" என்றான்.

அவள் ஏசாமல் ஃபோனை வைத்தாள். அந்த நாற்காலியில் அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை.

வேறு கை ஸ்டீயரிங்கைத் தொட்டால் அன்றைக்கே வீட்டுக்கு என்பது அண்ணாச்சியின் சட்டம். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு டிரைவரின் மச்சான் ஓட்டிப்போய் விளக்குக் கம்பத்தில் இடித்ததும், அந்த டிரைவர் மறுநாள் வேலைக்கு வரவில்லை. வரவிடவில்லை.

சனிக்கிழமை காலை ஜோஸ்பின் கோவண்டிக்கு ரயில் ஏறினாள். கடைவாசலில் ஏழாம் நம்பர் வந்து நின்றது. இறங்கியது பூதத்தானின் மனைவி பேராச்சி, இரண்டு கையிலும் டிரே. ஜோஸ்பினைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டாள்.

"லைசென்ஸ் இருக்குக்கா. நாலு வருசம் ஆட்டோ ஓட்டிருக்கேன். அவுகளுக்குக் கிட்னி போச்சு. வாரத்துல மூணு நாளு ஆஸ்பத்திரி வாசல்ல வண்டிய எங்கிட்ட குடுத்துட்டு உள்ள போறாக, ரத்தம் சுத்தம் பண்ண. அண்ணாச்சிட்ட சொல்லிராதிய."

"ஃபோனை ஏன் ஒன்ட்ட குடுத்துவிடல?"

"ஆப்பு வண்டி ஓடுனாத்தான் ஓடும்னு நெனச்சிட்டாக."

"கூமுட்ட. இத்தன வருசம் எங்கிட்ட பொய் சொல்லியும் ஒழுங்காப் படிக்கல. நீ டிரேயைச் சாய்க்காத, மாவு வழியுது பாரு."

அன்று பிற்பகல் அண்ணாச்சி, பிரைட்டன், ஜோஸ்பின் மூவரும் உட்கார்ந்தார்கள். பிரைட்டன் புதிதாக ஒன்றைக் கொண்டுவந்திருந்தான். "ரெண்டையும் வெச்சுக்கோங்க சார். ஃபோனும் பெட்டியும் தனித்தனியா நின்னா தினமும் ரிப்போர்ட் வரும். மொத மாசம் ஃப்ரீ."

ஃப்ரீ என்றதும் அண்ணாச்சியின் முகம் மலர்ந்தது. "நல்லாத்தானே இருக்கு, ஜோஸ்பின்?"

"நல்லா இருக்கும் அண்ணாச்சி. தெனம் எட்டு ரிப்போர்ட்டு. எவன் மக டியூஷன் போனா, எவன் ஃபோனு சார்ஜ் இல்லாம செத்துச்சு, எல்லாம் வரும். ஒக்காந்து படிக்க இன்னொரு ஆளு போடுங்க. அவனைப் பாக்க ஒரு பெட்டி வாங்குங்க."

"அப்ப ஆளு எங்க இருக்காம்னு நமக்குத் தெரியாண்டாமா?"

"கடைக்குப் போய்ச் சேர வேண்டியது மாவா, ஆளா? பெட்டி போதும். ஃபோனு காலி-பீலி லஃப்டா, வீண் வம்பு."

அண்ணாச்சி அவளுடைய நோட்டைப் புரட்டினார். விரல் ஏழாம் நம்பரில் நின்றது. "இந்த வாரம் ஒருநா கூட லேட் இல்லையே. பூதத்தான் திருந்திட்டான் போல."

"ம்" என்றாள் ஜோஸ்பின்.

"சரி, பெட்டியே இருக்கட்டும்."

பிரைட்டன் தாள்களை அடுக்கிக்கொண்டு, ஆப்பை எடுத்துவிட டிரைவர்களைக் கூப்பிட்டான். "தள்ளு, நான் எடுக்கேன்" என்று ஜோஸ்பின் கையை நீட்டினாள். அண்ணாச்சி பக்கத்திலேயே டீ குடித்துக்கொண்டிருந்தார். டிரைவர்கள் வரிசையாக வந்தார்கள். ஒவ்வொருவனுக்கும் ஒரு ஏச்சு கிடைத்தது. விரிசல் விட்ட திரைக்கு ஒன்று, மாவு அப்பிய உறைக்கு ஒன்று.

ஏழாவதாக வந்த பூதத்தான் ஃபோனை நீட்டினான். சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தான். முழங்கைக்குக் கீழே காலையில் ஊசி ஏறிய இடத்தில் பஞ்சும் பிளாஸ்திரியும் வெள்ளையாகத் தெரிந்தன. ஜோஸ்பின் ஆப்பை எடுத்தாள். ஃபோனை அவன் சட்டைப் பைக்குள் போட்டாள். பிறகு மடிப்பை விரலால் பிரித்து, சட்டைக் கையைப் பிளாஸ்திரிக்கு மேல் மணிக்கட்டு வரை இழுத்துவிட்டு, அடுத்தவன் ஃபோனுக்குக் கையை நீட்டினாள்.