முப்பது போதுமா?

வீரம்மாள் காண்டிராக்டர் பன்னீர்செல்வத்துக்கு நாற்பதாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தாள். தாயாருக்குச் சினைப்பையில் புற்றுநோய். ஆபரேஷனுக்கு வாங்கிய பணம். தாய் பிழைக்கவில்லை. சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்திய கரியை அள்ளியே ஐந்து வருடத்தில் கடனை அடைத்தாள். இரண்டாம் வகுப்பைத் தாண்டாதவள் இன்று மைன்ஸ் கேட்டுக்கு எதிரில் சொந்த மெஸ் வைத்து, ஷிப்டுக்கு நூறு பேருக்குச் சோறு போடுகிறாள். அவள் மீன்குழம்புக்காக கம்பெனி பஸ்ஸையே விட்டவர்கள் உண்டு.

அப்பேர்ப்பட்டவள், மகள் அருள்மொழியின் பீரோவில் கருத்தடை மாத்திரை அட்டையைப் பார்த்து ஆடிப்போனாள். அதைப் போட்டால் கேன்சர் வரும் என்று பக்கத்து வீட்டு சரிதா சொல்லியிருந்தாள்.

"எங்கம்மாவ வாரிக் குடுத்தது பத்தாதா? நீயும் இதை முழுங்கிகினு இருக்கியா?"

"டாக்டர் குடுத்ததும்மா. நம்பலன்னா நீயே வந்து கேளு."

"கேக்காம வுடுவனா?"

மறுநாள் ஆஸ்பத்திரியில் முதல் டோக்கன் வீரம்மாளுடையதுதான்.

டாக்டர் இளவேனில் பொறுமையாகச் சொன்னார். "மார்புக் கேன்சர் ஆபத்தை இது கொஞ்சம் கூட்டலாம், அதனால கட்டி எதுவும் வருதான்னு கவனமா பாத்துக்கணும். சினைப்பைக் கேன்சருக்கு இது நேர்மாறும்மா. அந்த ஆபத்தைக் குறைக்கும். வரவே வராதுன்னு சொல்ல மாட்டேன். உங்க அம்மாவுக்கு வந்ததால, பரம்பரையா வர்றதான்னு பாக்க உங்களுக்கு ஒரு ரத்த டெஸ்ட் எழுதறேன். பழைய மாத்திரையில ஹார்மோன் அம்பது மைக்ரோகிராம் இருந்துச்சு. இதுல முப்பதுதான்."

வீரம்மாளுக்கு அந்த 'தான்' பிடிக்கவில்லை.

"அம்பதையே எழுதுங்க. எங்க ஊர் கரண்ட் பிளான்ட்ல சின்ன யூனிட்டை மூடிட்டு, ஐநூறு மெகாவாட்டு வச்சிகினு இருக்காங்க. என் பொண்ணுக்கு மட்டும் பவர் கம்மியா?"

அருள்மொழி தலையிலடித்துக்கொண்டாள். டாக்டருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"இது கரண்ட் இல்லம்மா. ஹார்மோன் கூடினா ரத்தம் உறையற தொந்தரவும் கூடும். கம்மி அளவுலயும் பாதுகாப்பு இருக்கு. எத்தனை வருசம் போடறாங்கங்கறதுதான் முக்கியம்."

வீரம்மாள் மகள் பக்கம் திரும்பினாள். "கேட்டுகினியா? ஒரு நாள் தவறுனா, மெஸ்ல சோறு கெடையாது."

மருந்துக்கடைக்காரர் குரலைத் தாழ்த்தி, அட்டையைச் செய்தித்தாளில் சுற்றப் போனார்.

"எதுக்குய்யா ஒளிக்கிற? கஞ்சாவா வாங்கறேன்? மூணு மாசத்துக்குக் குடு, அப்படியே குடு."

கூட்டம் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும் என்றே வீரம்மாள் ஒவ்வொரு நோட்டாக, வாய்விட்டு எண்ணி, அவர் விரித்த கையில் வைத்தாள்.