திவசத்துச் சுருட்டுக்கு இலை தேடி வேதாரண்யம் போனேன்

புகையான் மாமா, நீங்கள் விட்டுப்போன இலையைக் கெடுத்துவிட்டேன்.

படிக்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மாமா என்பது என் வீட்டுக்காரர். பயிரைக் கருக்கும் பூச்சிக்கு எங்கள் பக்கம் புகையான் என்று பேர், சுருட்டுப் புகை விடும் இவருக்கும் அதையே வைத்தேன். "வயல்ல புகையான் விழுந்தா மருந்து அடிக்கலாம், வீட்டுல விழுந்ததுக்கு என்னத்தை அடிக்கிறது?" என்று கேட்பேன். "அதான் தினம் வாயால அடிக்கிறியே, போதாதா?" என்பார். போன மாசியில் இறந்துபோனார். முதல் திவசத்துக்கு ஐந்து நாள் இருந்தபோது, திருவாரூர்ப் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து வேதாரண்யம் பக்கம் போய்ப் புகையிலை வாங்கி வந்தேன். அதைத்தான் எழுதுகிறேன். ஐந்தாவது வரை படித்தவள் நான். பேசினால் போனில் எழுத்தாக விழுகிறது, தப்பாக விழுந்ததை அழித்துத் திருப்பிச் சொல்கிறேன். அவ்வளவுதான் என் எழுத்து.

எங்கள் பக்கம் படையலில், போனவருக்குப் பிடித்ததை இலையில் வைப்போம். அவருக்குக் கருவாட்டுக் குழம்பு பிடிக்கும், உளுந்து வடை பிடிக்கும். அதற்கெல்லாம் மேலே, நான் சுருட்டிக் கொடுக்கும் சுருட்டு.

அதை வைப்பதா வேண்டாமா என்றே எனக்குள் ஒரு வருஷமாக ரோதனை. ஆஸ்பத்திரியில் டாக்டர் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டிய அன்று, வராந்தாவில் வைத்து மகன் செந்தில் சொன்னான்: "நீ சுருட்டிக் குடுக்காம இருந்திருந்தா அப்பா குடிச்சிருக்கவே மாட்டாரும்மா. அவருக்கு என்ன சுருட்டவா தெரியும்?" கோபத்தில் சொன்னதுதான், அப்புறம் அவனே அழுதான். ஆனால் யோசித்துப் பார்த்தால் அதில் பொய் எதுவும் இல்லை. கடைச் சுருட்டைப் பிடித்தால் அவருக்கு இருமல் வரும், தொட மாட்டார். தானாகச் சுருட்டவும் தெரியாது. அப்படியென்றால் அவரைக் கொண்டுபோனது என் பத்து விரல்தானே. கடைசியாக ஒன்றைச் சுருட்டி இலையில் வைத்துவிட்டு, அதோடு இந்த விரல்களுக்கு வேலை முடிந்தது என்று இருந்துவிட நினைத்தேன்.

எங்கள் வீட்டில் வேலை இரண்டு பங்கு. இலை அவர் பங்கு, சுருட்டுவது என் பங்கு. உள்ளே வைக்க வேதாரண்யத்துக் கார இலை இரண்டு கை, காரம் குறைந்த திருச்சிப் பக்கத்து இலை ஒரு கை. இரண்டையும் கலந்து, நடுநரம்பை உரித்து, வாழைச்சருகில் பொட்டலமாகக் கட்டிப் பத்தாயத்து நெல்லுக்குள் முழங்கை ஆழத்தில் புதைத்துவிடுவார். எலிக்கும் பிள்ளைகளுக்கும் பயந்துதான் அங்கே ஒளிக்கிறார் என்று நான் நினைத்திருந்தேன். நாலாம் நாள் எடுத்து என் மடியில் போடுவார். இலை துணி மாதிரி துவண்டு வரும். நான் சுருட்டி, ஓரத்தில் சோற்றுப் பருக்கையை நசுக்கித் தடவி ஒட்டி, நிழலில் ஆற வைப்பேன். அவர் எதிரே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

இப்போது பத்தாயத்தில் நெல் இல்லை. அறுக்கிற மிஷினிலிருந்து நேரே கொள்முதல் நிலையத்துக்குப் போய்விடுகிறது. பத்தாயத்தில் உர மூட்டையும் பழைய டிவியும்தான் கிடக்கின்றன. அவர் தகர டின்னில் விட்டுப்போன இலையை எடுத்துப் பார்த்தால் அப்பளம் மாதிரி நொறுங்கியது. நான் என்ன செய்தேன்? வெற்றிலைக்கும் மல்லிகைக்கும் செய்வதைச் செய்தேன். தண்ணீர் தெளித்து ஈரத்துணியில் சுற்றி வைத்தேன். மூன்றாம் நாள் பிரித்தால் வெள்ளை வெள்ளையாகப் பூசணம். நாற்றம் தாங்காமல் குப்பைக்குழியில் கொட்டினேன்.

அதனால்தான் இந்தப் பயணம். வியாழக்கிழமை காலை 5.50க்கு எங்கள் ஊர் நிறுத்தத்தில் டவுன் பஸ். பெண்களுக்கு டிக்கெட் இல்லை. 6.20க்குத் திருவாரூர். 6.40க்குத் திருத்துறைப்பூண்டி பஸ், இருபத்தைந்து ரூபாய், 28 கிலோமீட்டர், ஐம்பது நிமிஷம். இடது ஜன்னல் ஓரமாக உட்காருங்கள். வலது பக்கம் வெயில் படாது, ஆனால் அந்தப் பக்கத்து ஜன்னல் எதுவும் மூடாது, ஒரே தூசி.

வழி நெடுக சம்பா அறுப்பு. மிஷின் ஓடுகிற வயலைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பழைய அறுப்பு ஞாபகம் வந்தது. எனக்குக் கல்யாணமாகி இரண்டாம் வருஷம். கழக ஆட்சி வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. நில உச்சவரம்பு என்று ரேடியோவில் சொல்வார்கள், எங்கள் ஊர் மிராசுதார் காதில் மட்டும் அது விழவில்லை. நாங்கள் குத்தகைக்கு உழுத மூன்று மா நிலத்தை விட்டுப் போ என்றார். போக மாட்டோம் என்று இவர் ஆட்களோடு வயலில் இறங்கி அறுத்தார். கேஸ் ஆனது. இவர் ராத்திரியோடு ராத்திரியாகத் தலைமறைவு. போலீஸ் வந்து என் அடுப்பை உடைத்துவிட்டுப் போனது, பத்தாயத்து நெல் ஜப்தி ஆனது. மூன்று மாசம் அவர் உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியாது. கேஸ் தள்ளுபடியாகி, ஒரு நாள் காலை கையில் ஒரு பொட்டலத்தோடு வந்து நின்றார். நான் பேசவில்லை. சோறு போட்டேன், பேசவில்லை. ஒரு மாசம்.

அப்புறம் ஒரு நாள் அந்தப் பொட்டலத்தை என் முன்னால் பிரித்து வைத்தார். இலை. "கடைச் சுருட்டு எனக்கு ஆகல. எனக்கு விரல் படியாது. உனக்குப் பூக் கட்டுற விரல், சுருட்டிப் பாரேன்" என்றார். நான் இரண்டு சுருட்டிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு ஈரமா இருந்தா எப்படிச் சுருட்டுறதாம்?" என்றேன். ஒரு மாசத்துக்குப் பிறகு நான் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

திருத்துறைப்பூண்டியில் இறங்கி இட்லி நாலு, டீ ஒன்று, ஐம்பது ரூபாய். சட்னி நன்றாக இருந்தது. 8.10க்கு வேதாரண்யம் பஸ், முப்பது ரூபாய், 35 கிலோமீட்டர். பாதி வழிக்கு மேல் நெல் வயல் குறைந்து மண் வெளுக்க ஆரம்பிக்கும், காற்றில் உப்பு வரும். 9.20க்கு வேதாரண்யம். கோயில் பார்க்கிறவர்கள் பார்க்கலாம், நான் வெளியே நின்று கும்பிட்டுக்கொண்டேன். அங்கிருந்து, அவர் வழக்கமாக இலை வாங்கும் இலைக்கார வீடு இருக்கும் ஊருக்கு 7 கிலோமீட்டர். ஆட்டோ இருநூறு கேட்டான், நூற்றைம்பதுக்கு வந்தான்.

"சுருட்டு இலை வாங்கவா ஆயா? உங்களைப் பார்த்தா பிடிக்கிற ஆள் மாதிரி தெரியலியே."

"எனக்கில்லப்பா, வீட்டுக்காரருக்கு."

"அவரு வரலியா?"

"அவரு தூரமா போயிட்டாரு."

"துபாயா?"

"அதுக்கும் மேல."

"கனடாவா! குளிருமே ஆயா, அங்க சுருட்டு தேவைதான்" என்றான். நான் சிரித்துவிட்டேன். அவர் போன பிறகு வாய்விட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

இலைக்கார வீட்டுக்கு வருஷா வருஷம் மாசியில் அவர் ஒருத்தர்தான் போவார். நான் போனதே இல்லை. அந்த மூன்று மாசம் அவர் ஒளிந்திருந்த வீடு அது என்று மட்டும் தெரியும். கொல்லையில் பதப்படுத்தப் பாடம் போட்ட இலை அடுக்கடுக்காகக் கிடந்தது. நெடியில் கண் எரிந்தது. அந்த வீட்டு மருமகள் காமாட்சி அக்காள் எழுபத்தைந்து வயதுக்கு நிமிர்ந்து நடக்கிறாள். யார் என்று சொன்னதும் என் தலையைப் பார்த்தாள். பூ இல்லை, பொட்டு இல்லை. கேட்காமலே தெரிந்துகொண்டாள்.

"இருந்தப்ப ஒரு தடவ கூட்டிட்டு வரல, படுபாவி அண்ணன். இப்பத் தனியா அனுப்பியிருக்காரு பாரு" என்று என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

தண்ணீர் தெளித்த கதையைச் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டாள்.

"இலைக்குத் தண்ணியக் காட்டலாமாடி? இது என்ன முளைக்கீரையா? காத்துல இருக்கிற ஈரந்தான் அதுக்கு. நாங்க மணல நனைச்சு, அதுக்கு மேல ஓலை போட்டு, ஓலை மேல இலையை வெப்போம். உங்க ஊர்ல புது நெல்லு இருக்கு. நெல்லு சன்னமா மூச்சு விடும், அந்த ஈரமே போதும், இலை பதமாயிடும். அண்ணன்தான் எங்களுக்கு இதைச் சொன்னாரு."

எலிக்குப் பயந்து ஒளிக்கிறார் என்றல்லவா ஐம்பது வருஷம் நினைத்திருந்தேன்.

அரைக் கிலோ கார இலை, கால் கிலோ காரம் குறைந்தது எடுத்து வைத்தாள். பதமாக இருந்த இலையில் ஒன்று சுருட்டிப் பார்க்கச் சொன்னாள். சுருட்டினேன். வாய்ப் பக்கத்தை எப்போதும் போல இடது பக்கமாக இரண்டு திருப்பு திருப்பி உள்ளே மடித்தேன். அதை வாங்கிக் கண்ணருகில் வைத்துப் பார்த்தாள்.

"இந்த முறுக்கு உனக்கு யாரு காட்டினா?"

"யாரும் காட்டல அக்கா. ஆரம்பத்துல பிரிஞ்சு பிரிஞ்சு போச்சு. 'இடது பக்கமா ரெண்டு திருப்பு திருப்பிப் பாரேன், சும்மா தோணுது'ன்னு அவரு சொன்னாரு."

"சும்மா தோணுச்சாமா! இது எங்க மாமனார் முறுக்குடி. இந்த வீட்டைத் தவிர யாரும் போட மாட்டாங்க. உன் வீட்டுக்காரருக்கு அவருதான் சொல்லிக் குடுத்தாரு."

"அவருக்குச் சுருட்டத் தெரியாதே."

அக்காள் இருமும் அளவுக்குச் சிரித்தாள். "யாருக்கு? சும்மா உக்காந்து சோறு திங்க மாட்டேன்னு, மூணு மாசமும் இந்தா இந்தத் தூணுல சாஞ்சு சுருட்டுனவரு. எங்க வீட்டு ஆம்பிளைங்களை விட வேகம். நீ ஒண்ணு போடுறதுக்குள்ள மூணு போடுவாரு."

நான் அந்தத் தூணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அக்காள் என்னென்னவோ பேசினாள், காதில் ஏறவில்லை. மீன் குழம்பு ஊற்றிச் சோறு போட்டாள், சாப்பிட்டேன். 2.15 பஸ்ஸைப் பிடித்து, 6.30க்கு வீடு வந்து சேர்ந்தேன்.

செந்தில் அன்று இருபது மூட்டையோடு எரிச்சலாக உட்கார்ந்திருந்தான். ஈரம் அதிகம், காய வைத்து எடுத்து வா என்று கொள்முதல் நிலையத்தில் திருப்பி அனுப்பியிருந்தார்கள். "ஒரு மூட்டையைப் பத்தாயத்துல கொட்டுடா" என்றேன். என் கையில் இருந்த பொட்டலத்தைப் பார்த்தான். உர மூட்டையையும் டிவியையும் தூக்கி வெளியே வைத்துவிட்டு, ஒன்றுக்கு இரண்டு மூட்டையாகக் கொட்டினான்.

இலை வாங்கப் போகிறவர்களுக்குச் சில விஷயம். மாசி, பங்குனியில் போங்கள், வெயிலுக்கு முன்னால் போய்ச் சேருங்கள். இலைக்கார ஊரிலிருந்து வேதாரண்யம் திரும்ப ஆட்டோ கிடைப்பது சிரமம், போகும்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பொட்டலத்தைப் பஸ்ஸில் இன்ஜின் பக்கம் வைக்காதீர்கள், சூட்டில் காய்ந்துவிடும். வீட்டில் பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காதீர்கள், வியர்த்துப் பூசணம் பிடிக்கும். வாழைச்சருகுதான் சரி. கார இலையையும் மற்றதையும் ஒன்றாகவே புதையுங்கள், வாசம் ஒன்றோடு ஒன்று ஏறும். தண்ணீர் வேண்டவே வேண்டாம். புது நெல் இல்லாதவர்கள் அக்காள் சொன்ன மணல் வழியைப் பாருங்கள். பிடிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. நெஞ்சுப் படத்தைப் பார்த்தவள் நான். விட முடிந்தவர்கள் விட்டுவிடுங்கள்.

நாலாம் நாள் இலையை எடுத்தேன், துணி மாதிரி துவண்டு வந்தது. ஒன்றே ஒன்று சுருட்டினேன். திவசத்தன்று வடைக்குப் பக்கத்தில் வைத்தேன். செந்தில்தான் கற்பூரம் காட்டினான். காமாட்சி அக்காள் சொன்னதை அவனிடம் நான் இன்னும் சொல்லவில்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்வான். நான் சுருட்டாமல் போயிருந்தாலும் அவருக்குச் சுருட்டு கிடைத்திருக்கும் என்று அவன் நினைத்துக்கொள்ளட்டும். நானும் அப்படி நினைத்துப் பார்த்தேன். பாதிப் பாரம் இறங்கியது. மிச்சப் பாதி வேறு மாதிரி ஏறிக்கொண்டது.

மாமா, பேசாமல் இருந்தவளைப் பேச வைக்க அன்றைக்கு ஒரு பொய் சொன்னீர்கள், சரி. நான்தான் அன்றைக்கே பேசிவிட்டேனே. அதுக்கப்புறமும் ஐம்பது வருஷம், நான் ஒன்று சுருட்டுகிற நேரத்தில் மூன்று சுருட்டத் தெரிந்த கையைக் கட்டிக்கொண்டு, எதுக்கு மாமா என் எதிரே உட்கார்ந்திருந்தீங்க?