அண்ணன் கையில் நான் போட்ட முடிச்சு

என் அண்ணன் முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டினார். வீரதீரச் செயல் ஒன்றும் கிடையாது. ஒரு நாயின் மேல்கூட வண்டியை ஏற்றியதில்லை, அவ்வளவுதான். பயணி யாராவது சீட்டில் நெளிந்தால் கண்ணாடியில் பார்த்தே தெரிந்துகொண்டு, மறைவான இடமாகப் பார்த்து நிறுத்துவார். கண்டக்டர் தலையில் அடித்துக்கொள்வார். "அடக்கிக்கிட்டு உக்கார்ற அவஸ்தை உனக்குத் தெரியாதுய்யா" என்பார் அண்ணன்.

நான் பார்சல் ஆபீஸில் மூட்டை கட்டுகிறவன். நான் போட்ட முடிச்சு வழியில் அவிழ்ந்ததாகச் சரித்திரம் இல்லை. அந்தத் திமிர்தான் என்னைக் கெடுத்தது.

குடலில் வந்த புற்றுநோய் முற்றிவிட்டது, இனி வலி தெரியாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று அண்ணனை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். ஒரு நர்ஸ் வீட்டுக்கே வந்து பார்த்துக்கொண்டார். வலி மருந்தைக் கூட்டிய மறுநாள் காலை ஆளே மாறிப்போனார். கட்டில் சட்டத்தைக் காலால் மிதித்தார். போர்வையைப் பிய்த்தார்.

"வண்டிய ஓரங்கட்டுடா! இறங்கணும்!"

"அண்ணே, இது வண்டி இல்ல, கட்டில். பேசாம படுங்க."

பளாரென்று ஓர் அறை விழுந்தது. என்னைத் தூக்கி வளர்த்த கை.

"நர்ஸம்மாவுக்கு போன் போடலாம் தம்பி. எது மாறினாலும் கூப்பிடச் சொன்னாங்களே" என்றார் அண்ணி.

"புத்தி பேதலிச்சதுக்கு நர்ஸ் வந்து என்ன பண்ணுவாங்க?" என்று அவர் வாயை அடைத்துவிட்டு, இரண்டு துண்டுகளை எடுத்து அண்ணன் கைகளைக் கட்டிலோடு கட்டினேன். விழுந்துவிடக் கூடாதே என்றுதான் கட்டினேன் என்று இன்றுவரை சொல்லிக்கொள்கிறேன். அறை வாங்கிய ஆத்திரமும் அதில் இருந்தது.

நான்கு மணிக்கு நர்ஸ் வந்தார். எனக்குத் தெரியாமல் அண்ணி கூப்பிட்டிருக்கிறார். நர்ஸ் முடிச்சை அவிழ்க்கப் பார்த்து, முடியாமல் கத்தரியால் வெட்டினார். அடிவயிற்றைத் தொட்டார். கல்லாக இருந்தது.

"கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனாரு?"

அண்ணி விரல்விட்டு மணியை எண்ணத் தொடங்கினார்.

குழாய் போட்டதும் பை நிரம்பியது.

"வலி மருந்து சிலருக்கு ஒண்ணுக்கை அடைச்சிடும். அந்த அவஸ்தையிலயே மனசு குழம்பிடும். எல்லாருக்கும் தெளியும்னு சொல்ல முடியாதுங்க. ஆனா முதல்ல காரணத்தைத் தேடணும். வாதாடாதீங்க, கட்டாதீங்க. பக்கத்துல உக்காந்து மெதுவா பேசுங்க."

என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஊர் பேர் தெரியாதவர்களுக்கெல்லாம் வண்டியை நிறுத்திய மனுஷன், காலையிலிருந்து இறங்கணும் இறங்கணும் என்று என்னிடம் கெஞ்சியிருக்கிறார். நான் கேட்கவில்லை. பாவி.

மறுநாள் அண்ணன் தெளிந்தார். அண்ணியின் கஞ்சியைக் கிண்டல் செய்தார். அதன்பின் பதினோரு நாள் இருந்தார். ஒரு மத்தியானம் தனியாக இருந்தபோது அருகில் போனேன்.

"அண்ணே, என்னை மன்னிச்சிடுங்க."

"எதுக்குடா?" என்று சிரித்தார்.

நிஜமாகவே நினைவில்லை போலிருந்தது. மனசு லேசாகி, விலகியிருந்த போர்வையைச் சரிசெய்யக் குனிந்தேன். அண்ணன் சட்டென்று இரண்டு கைகளையும் முதுகுக்கு அடியில் ஒளித்துக்கொண்டார்.