டோர்பிடோ அறைக் கதவு

இரும்புக்குள் வேலை செய்கிறவர்கள் முதலில் பழக வேண்டியது, இருட்டுப்பட்ட பிறகு வருகிற சத்தத்துக்கு. இந்த ஊரில் மாரியில் பின்னேரமே இருட்டிவிடும். குளிர் ஏற ஏற இரும்பு சுருங்கி, யாரோ பல்லை நறநறவென்று கடிப்பதுபோல் கப்பல் முழுக்கக் கேட்கும். வடஜெர்மனித் துறைமுகமொன்றில் அருங்காட்சியகமாக நிற்கிற பழைய பிரித்தானிய நீர்மூழ்கியில் நான் வழிகாட்டி. கொன்வென்டில் சிஸ்டர்மார் அடித்துப் பழக்கிய ஆங்கிலம் வாங்கித் தந்த வேலை. மகள் நித்திரையான பிறகு எழுதுகிறேன். வேலை நிரந்தரமாகாமல் சோதனைக்காலத்தில் இருந்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

ஒன்றும் நடக்கவில்லை

இரண்டாம் உலகப்போர் முடிந்த பிறகு கட்டிய கப்பல். வடகடலுக்கு அடியில் கிடந்து ரஷ்யக் கப்பல்களை ஒட்டுக்கேட்டதுதான் அதன் சேவை. பிறகு உடைத்து இரும்பாக விற்க இருந்ததை இந்த ஊர் வாங்கியது. இதைச் சொல்லி முடித்ததும், பார்க்க வந்த ஜெர்மன்காரர் ஒருவர், எத்தனை கப்பலை மூழ்கடித்தது என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். மனைவியிடம் திரும்பினார்.

"வா, கோப்பி குடிக்கப் போவம். ஒன்றும் நடக்கவில்லையாம்."

எண்ணெய்

கடைசியாகக் காட்டுவது டோர்பிடோ அறை. எல்லாரையும் உள்ளே விட்டு, இரும்புக் கதவைச் சாத்தி, பிடியை இறுக்கி, கொஞ்ச நேரம் விளக்கை அணைக்க வேண்டும். சனம் வருவதே அதற்குத்தான். நான் சாத்துவதில்லை. வன்னியில் கடைசிச் சண்டையில் நாங்கள் பதுங்கியிருந்த பங்கரின் வாசல் சரிந்து மண் மூடியது. வெளியே நின்றவர்கள் தோண்டி என்னை எடுத்தார்கள். தம்பியை எடுக்கப் பிந்திவிட்டது. அதற்குப் பிறகு குளியலறைக் கதவைக்கூட நான் பூட்டியதில்லை.

பிடி இறுகிக் கிடக்கிறது என்று மேலாளர் ஹைக்கேயிடம் சமாளித்து வந்தேன். அவள் தானே போய் எண்ணெய் விட்டுவிட்டு வந்தாள்.

"வெள்ளிக்கிழமை நான் வெளியில் நின்று பார்ப்பேன். சாத்தாவிட்டால் உங்கள் ஒப்பந்தம் நீளாது."

வீட்டில்

ஒப்பந்தம் நீளாவிட்டால் எங்கள் மூவருக்கும் விசா நீளாது. கணவர் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"ஓமப்பா, விளங்குது. ஆனா விசாக் கந்தோரில உம்மட பயத்துக்கு முத்திரை குத்தமாட்டினம்."

பழைய மாலுமி

வியாழக்கிழமை ஓர் ஆங்கிலேயக் கிழவர் வந்தார். இளமையில் இதே கப்பலில் இருந்தவர். டோர்பிடோ அறையில்தான் படுக்கை. தண்ணீர் புகுந்தால் அந்தக் கதவைச் சாத்துவது அவர் பொறுப்பு, கூட்டாளி எந்தப் பக்கம் நின்றாலும். பயமில்லையா என்று கேட்டேன்.

"சாத்துகிறவனுக்குப் பயப்பட நேரமில்லை, பிள்ளை. சும்மா இருக்கிறவனுக்குத்தான் முழு நேரமும் இருக்கு."

வெள்ளிக்கிழமை

பாலர் பாடசாலையில் வேலைநிறுத்தம். நாலு வயது மகளையும் கூட்டிப்போனேன். பிள்ளை தன்னோடு வெளியில் நிற்கட்டும் என்றாள் ஹைக்கே. மகள் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கமா? மாட்டேன் என்று தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். உள்ளே சனம் நிறைந்துவிட்டது. கதவைச் சாத்தினேன். பிடியில் வைத்த கை நின்றுவிட்டது. காதுக்குள் மண் விழுகிற மாதிரி இருந்தது. சுகமில்லையா, ஏன் நின்றுவிட்டீர்கள் என்று ஒரு பெண் கேட்டாள். நான் வாய் திறக்க முன் மகள் பளிச்சென்ற ஜெர்மனில் பதில் சொன்னாள்.

"அம்மாவுக்குச் சுகம்தான். கதவெண்டால் மட்டும் பயம்."

அறை முழுக்கச் சிரித்தது. சிரிக்கிற சனத்தோடு சேர்ந்து அடைபடுவதற்குத்தான் எனக்குச் சம்பளம் என்று நினைத்துக்கொண்டு, பிடியை உள்ளிருந்து இறுக்கிப் பூட்டினேன்.