பென்கெலின் நிலையத்தின் நான்காவது புகைபோக்கி

"கைய அவ்வளவு கிட்ட கொண்டு போகாதம்மா."

"குளிருது."

"குளிரத்தான் செய்யும். அது எரியல."

"சிவப்பாத் தெரியுதே?"

"தெரியறதுக்குத்தான் வச்சிருக்கேன். சூடு வேணும்னா விளக்கறைக்கு வா, இரும்படுப்பு இருக்கு. பாக்க நல்லா இருக்காது. எரியும்."

"அப்ப இதுக்குள்ள என்ன?"

"நீ பாதிரியார் வீட்டுப் பொண்ணா?"

"இல்ல. தையல்காரர் பெவன் மக. லோவ்ரி."

"அப்ப சொல்லலாம். வால் விளக்கு."

1911 ஜனவரியில், பென்கெலின் நிலையத்தின் தந்தி அறையில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் பேச்சு இது. பேசியவர் போர்ட்டர் எலிஸ் ப்ரோதரோ. ரயிலின் கடைசிப் பெட்டியில் மாட்டும் சிவப்பு விளக்கைப் பெண்கள் காத்திருப்பறையின் கணப்புக்குள் வைத்து, அதன் முன்னால் கரித்துண்டுகளை அடுக்கியிருந்தார். தணல் போலவேதான் இருந்தது. கரி கொஞ்சம் அசைந்தால்கூட அதைச் சரிசெய்ய ஒரு தனி இடுக்கி வைத்திருந்தார்.

அவர் அந்த ஊர்க்காரர். பழைய நிலையம் வெறும் மரக்கொட்டகையாக இருந்த காலத்திலேயே வேலைக்கு வந்தவர். நான் சேர்வதற்கு நான்கு வருடம் முன்பு ரயில் கம்பெனி கொட்டகையை இடித்துவிட்டுப் புது நிலையம் கட்டியது. சிவப்புச் செங்கல், வெள்ளைக் கல் விளிம்பு, பிளாட்பாரக் கூரையின் ஓரமெல்லாம் பல் பல்லாக வெட்டிய மரத் தொங்கல், நான்கு பக்கமும் முகம் வைத்த கடிகாரக் கோபுரம். நான்காவது முகம் மலையைப் பார்த்திருக்கும். அந்தப் பக்கம் ஆடுகளைத் தவிர யாரும் இல்லை. கட்டிடம் வரைந்தவரை ப்ரோதரோ நாள் முழுக்கத் திட்டுவார். ஆனால் பயணி யாராவது அந்தக் கடிகாரத்தைப் பார்த்துச் சிரித்தால் போதும், முகம் மாறிவிடும். "ஏன் சார், ஆட்டுக்கு நேரம் தெரிய வேண்டாமா?" என்பார்.

கூரையில் இந்தப் பக்கம் இரண்டும் அந்தப் பக்கம் இரண்டுமாக நான்கு புகைபோக்கிகள். மூன்றின் கீழே கணப்பு உண்டு. நான்காவது, டிக்கெட் கொடுக்கும் கூடத்தின் மேல் நிற்கிறது. அதன் கீழே தரைதான். பெண்கள் அறையிலோ கணப்பு இருக்கிறது, மேலே புகைபோக்கிக்குப் பதிலாகக் கடிகாரக் கோபுரம் இருக்கிறது. புகை கூரைக்குள்ளேயே குறுக்காக ஓடி அந்த நான்காவது புகைபோக்கிக்குப் போக வேண்டும் என்று ஏற்பாடு. வரைபடத்தில் அந்த வழி நீலக் கோடாக அழகாகப் போகிறது. கட்டியவர்கள் அதை மட்டும் மறந்துவிட்டார்கள்.

அக்டோபர் முதல் தேதியிலிருந்து ஏப்ரல் கடைசி வரை எல்லாக் காத்திருப்பறையிலும் நெருப்பு இருக்க வேண்டும் என்பது விதி. முதல் வருடம் ப்ரோதரோ விதிப்படி பற்றவைத்தார். ஐந்து பெண்கள் கறுப்பாக வெளியே வந்தார்கள். அவர்களில் ஒருத்தி மாஜிஸ்திரேட்டின் மனைவி. ப்ரோதரோவின் பெயருக்கு நேரே ஒரு கரும்புள்ளி விழுந்தது. மறுநாள் பற்றவைக்கவில்லை. அன்றைக்கென்று இன்ஸ்பெக்டர் வந்தார். இரண்டாவது புள்ளி. புகைபோக்கி இல்லை என்று தலைமை அலுவலகத்துக்கு எழுதிப் போட்டதற்கு, வரைபடத்தில் இருக்கிறது, சுத்தம் செய்யவும் என்று பதில் வந்தது. கூடவே ஆளும் வந்தான். நாலடி உயரத்தில் பிரஷ் செங்கல்லில் முட்டி நின்றது. 'சுத்தம் செய்யப்பட்டது' என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனான்.

மூன்றாவது புள்ளி விழுந்தால் அறுபது மைல் தள்ளி இருக்கும் ஜங்ஷனுக்கு மாற்றம். அங்கே வெல்ஷ் மொழியில் வழிபடும் சேப்பல் கிடையாது. எங்கள் சேப்பலின் பாடகர் குழுவிலோ மேல்குரல் பாட ஒன்பது பேர் இருந்தார்கள், அடிக்குரலுக்கு ப்ரோதரோ ஒருவர்தான். "நான் போயிட்டா மீதிப் பேரு பாட்டோட கூரையப் பிச்சுக்கிட்டுப் பறந்துடுவாங்க. புடிச்சு நிறுத்த ஆள் வேண்டாமா?" என்பார். வேறு எந்த ஊரிலும் அவர் ஒரு ராத்திரிகூடத் தூங்கியதில்லை.

அதற்குப் பிறகுதான் கணப்புக்குள் விளக்கை வைத்தார். அது மூன்று குளிர்காலம் தாங்கியது. பெண்கள் அதன் முன் கையை நீட்டி உட்கார்ந்து, இதமாக இருக்கிறது என்பார்கள். ஒருத்தி புழுக்கம் தாங்காமல் ஜன்னலைத் திறந்தாள். இன்ஸ்பெக்டர் பேஜட்டும் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. உள்ளே ஒரு பெண் இருந்தால் ஆண் நுழையக்கூடாது; தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு வாசற்படியில் நின்று எட்டிப் பார்க்க வேண்டியதுதான். ஆகவே அவர் வரும் நாளில் அறை காலியாக இருக்கக்கூடாது.

"லோவ்ரி, கோட்டப் போட்டுக்கிட்டுப் போய் சீமாட்டியா உக்காரு."

"எவ்வளவு நேரம்?"

"அந்தாளு போற வரைக்கும். தந்தி அடிக்கற மாதிரி விரலத் தட்டாத."

அடுத்த வருடம் பிப்ரவரியில் பேஜட் தன் மனைவியோடு வந்து இறங்கினார். ப்ரோதரோ இதை எதிர்பார்க்கவில்லை. அந்த அம்மாள் நேராக உள்ளே வந்து எனக்கு எதிரே உட்கார்ந்து காலை நீட்டினாள். கொஞ்சம் பொறுத்து நாற்காலியைக் கணப்புக்கு அருகே இழுத்துப் போட்டாள். பிறகு இன்னும் அருகே. கடைசியில் கிளறுகோலை எடுத்துத் தணலைக் குத்தினாள். டிங் என்றது.

அவள் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"இது விளக்கு."

"ஆமாம்மா."

"எதுக்கு?"

"புகைபோக்கி வரைபடத்துல மட்டும்தாம்மா இருக்கு."

"யாரு, இந்தப் புது ஸ்டேஷன் எல்லாம் வரைஞ்சானே, அவனா?"

"அவர்தாம்மா."

"எங்க கம்பெனி வீடும் அவன் கைதான். மாடில ஒரு ஜன்னல். வெளிய கண்ணாடி, உள்ள செங்கல். லட்சணமா இருக்கணுமாம். ஏணி வச்சு ஏறி அதத் தொடைக்கணும்னு இவர் உத்தரவு. பதினோரு வருஷமாத் தொடைக்கறேன்."

வாசற்படியிலிருந்து பேஜட்டின் குரல் கேட்டது. "நெருப்பு எப்படி இருக்கு?"

"எனக்கு வேர்க்குது," என்றாள். "அவசியம் எழுதுங்க."

அவருக்குப் பின்னால் ப்ரோதரோ தொப்பியை இரண்டு கையாலும் பிழிந்துகொண்டு நின்றார்.

பேஜட் எழுதினார். மூன்று வாரம் கழித்துத் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. சாமான் வண்டியின் மேல் உட்கார்ந்திருந்த ப்ரோதரோவுக்கு அதை ஆங்கிலத்திலிருந்து வெல்ஷில் சொன்னேன். இந்தப் பாதையிலேயே மிகச் சிறந்த கணப்பு இதுதான். புகை இல்லை, சாம்பல் இல்லை, எரிக்கும் கரி மற்ற நிலையங்களில் எரிப்பதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே போர்ட்டர் ப்ரோதரோ, தன் முறையை மற்றவர்களுக்குக் கற்றுத்தருவதற்காக ஜங்ஷனுக்கு மாற்றப்படுகிறார்.

"மூணாவது புள்ளி விழுந்தா ஜங்ஷன்," என்றார்.

"ஆமா."

"பாராட்டினாலும் ஜங்ஷனா?"

"அப்படித்தான் போட்டிருக்கு."

"அங்க இருக்கறது எல்லாம் நிஜமா எரியுமே கண்ணு. நான் போய் என்னத்தச் சொல்லிக் குடுப்பேன்?"

உண்மையை எழுதினால் மூன்றாவது புள்ளி. எழுதாவிட்டால் ஆசிரியர் உத்தியோகம்.

இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சேப்பலில் அந்த அடிக்குரல் ஜன்னலை அதிரவைக்கிறது; ஆகவே நான் எழுதிய பதில் வேலை செய்தது என்றுதான் நினைக்க வேண்டும். பள்ளியில் படித்த ஆங்கிலம் முழுவதும் அதற்குத் தேவைப்பட்டது. சாமான் வண்டியிலிருந்து இறங்காமலே அவர் என்னிடம் கேட்டது இவ்வளவுதான்:

"எனக்கு ஒரு லெட்டர் எழுதிக் குடு கண்ணு. நான் நல்ல போர்ட்டரும் இல்ல, மோசமான போர்ட்டரும் இல்லன்னு இருக்கணும். ரெண்டையும் அவங்க நம்பணும்."