கட்டுநாயக்காவில் கலா இறக்கிய விமானம்

நனைந்த குடைகளின் வாடை, சூடேறிய போட்டோகாப்பி மெஷினின் வாடை... இரண்டும் கலந்து வந்தால் எனக்கு இன்றைக்கும் ஹட்டன்தான் ஞாபகம் வரும்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மாடியில் ஒரு சின்ன கம்யூனிகேஷன் கடை. வெளிநாட்டுக்கு கோல் எடுக்கக் கண்ணாடிப் பெட்டிகள், ஒரு போட்டோகாப்பி மெஷின், ஒரு கம்ப்யூட்டர். படிப்பு முடிந்த கையோடு நானும் கலாவும் அங்கே வேலைக்குச் சேர்ந்தோம். ஒரே தேயிலைத் தோட்டம், வரிசை வீடுகளாக நீளும் ஒரே லயம், அதில் பக்கத்துப் பக்கத்துக் காம்பரா.

ஜூன் பிறந்தால் மழை விடாது. கடைக்கு ஈ காக்கை வராது. முதலாளி மத்தியானம் சாப்பிடப் போனால் ஒரு தூக்கம் போட்டுவிட்டுத்தான் வருவார். அந்த நேரத்தில் நாங்கள் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டோம்... கம்ப்யூட்டரில்தான். முதலாளியின் மகன் கொழும்பிலிருந்து கொண்டுவந்து ஏற்றிவிட்டுப் போன சிமுலேட்டர்.

எனக்கு அது விளையாட்டு. கலாவுக்கு அப்படி இல்லை. அவள் அம்மா குவைத்தில் வீட்டு வேலை. கலா ஐந்தாம் வகுப்பில் இருக்கும்போது போனவர், ஒப்பந்தத்தை நீட்டி நீட்டி ஒரு தடவைகூட வரவில்லை. அந்த வருஷம்தான் டிக்கெட் போட்டாயிற்று என்று கோல் வந்தது.

"அம்மா வர்றதுக்குள்ள ஒருவாட்டியாச்சும் பிளேன ஒழுங்கா எறக்கிப்புடணும் புள்ள. அப்பதான் அவங்க நல்லபடியா வந்து சேருவாங்க" என்பாள். வேண்டுதல் மாதிரி.

அவள் அப்பாவுக்குத் தேயிலை ஃபேக்டரியில் வேலை. அங்கே மெஷினை ஓட்டுவதற்கு முன்னால் ரோதமுனி சாமியைக் கும்பிடுவார்கள். கலாவும் என்ஜினை ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் கீபோர்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். சிரித்தால் முறைப்பாள்.

முதலில் அவளுக்கு விமானத்தை ஊருக்கே கொண்டுவர ஆசை. அம்மா எதற்குக் கொழும்புப் பக்கம் கட்டுநாயக்கா ஏர்போர்ட்டில் இறங்கி, மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்துக்கொண்டு வரவேண்டும்? நேரே தோட்டத்து கிரவுண்டில் இறக்கிவிடலாமே.

கட்டுநாயக்காவில் கிளம்பி மலைப் பக்கம் வருவோம். உயரம் காட்டும் முள் நாலாயிரம் அடியில் நிற்கும். "இன்னும் நாலாயிரம் அடி கெடக்கு, பயப்படாத" என்று சொல்லி வாய் மூடியிருக்க மாட்டாள்... மலை வந்து முகத்தில் அடிக்கும். ஒவ்வொரு தடவையும் இதே கதை. கம்ப்யூட்டர்தான் பழுது என்று முடிவுகட்டிவிட்டோம்.

ஒரு நாள் ஹட்டன் ரயில்வே ஸ்டேஷனில் நிற்கும்போது கலா பெயர்ப்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடல் மட்டத்திலிருந்து எத்தனை அடி என்று அதில் எழுதியிருக்கும். சின்ன வயதிலிருந்து பார்க்கிற பலகை.

"அடியே கூறுகெட்டவளே... நாம நிக்கிறதே நாலாயிரம் அடிக்கு மேல. அந்த முள்ளு கடல்லருந்துல்ல காட்டுது!"

மலையிலேயே பிறந்தவர்களுக்கு நிற்கிற இடம்தான் பூஜ்யம். காலுக்குக் கீழே இருக்கிற மலையைக் கணக்கில் சேர்க்க எங்களுக்குத் தோன்றவே இல்லை.

அதற்குப் பிறகு கட்டுநாயக்காவிலேயே இறக்கிப் பழகினாள். வேகத்தைக் குறைக்காமல் வந்தால் ரன்வேயில் பந்து மாதிரி துள்ளும். பயந்துபோய் ஒரேயடியாகக் குறைத்தால் நடுவானில் செத்து விழும். விழும்போதெல்லாம் கலாவின் முகம் இருண்டுவிடும்.

அம்மா வருவதற்கு முந்தின வாரம் அது நடந்தது. கடலைத் தாண்டி, தென்னை மரங்களைத் தாண்டி, மெதுவாக வந்தாள். விமானத்தின் மூக்கைக் கொஞ்சமாகத் தூக்கினாள். ஒரு சின்னக் குலுக்கல்... ஓடி நின்றது.

"எறங்கிட்டாங்கடி" என்று என் தோளில் சாய்ந்து அழுதாள்.

ஏர்போர்ட்டுக்கு வேன் பிடித்துப் போனோம். கலா, அவள் அப்பா, நான். எனக்குப் போட்டுக்கொள்ள நல்ல உடுப்பு இல்லை. அம்மா குவைத்திலிருந்து அனுப்பிய மெரூன் சல்வாரை கலாதான் எடுத்துக் கொடுத்தாள். "நீ போட்டுக்க, எனக்கு சாரி இருக்கு" என்றாள்.

வெளியே வந்த அம்மா கூட்டத்தைத் துழாவிப் பார்த்தார். ஓடி வந்தார். என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "கலா... என் தங்கமே" என்று கதறினார்.

பக்கத்தில் கலா பூமாலையோடு நின்றாள்.

"ஏம்மா, அது பக்கத்துக் காம்பரா புள்ள. நம்ம புள்ள இந்தா நிக்கிது" என்று அப்பா அவர் தோளைத் தொட்டார்.

திரும்பிப் பார்த்த அம்மாவின் முகத்தை என்னால் எழுத முடியாது.

"பரவால்லம்மா" என்று கலா சிரித்தாள். வீடு வரும்வரை அம்மா அவள் கையை விடவில்லை. கலாவோ விருந்தாளியிடம் பேசுவது போல, "சாப்பிட்டீங்களா, குளிருதா" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். கொஞ்ச மாதத்தில் அம்மா திரும்பவும் குவைத்துக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு கலா அந்த விளையாட்டைத் தொடவில்லை. கேட்டால், "எறக்கித்தான் என்னத்தக் கண்டோம்" என்பாள்.

இப்போது அந்தக் கடையில் போன் கவர் விற்கிறார்கள். நான் கல்யாணமாகி நுவரெலியாவில் இருக்கிறேன். கலா துபாயில். வீட்டு வேலைதான். அவள் மகளும் என் மகளும் ஒரே வயது. கலாவின் பிள்ளை தாத்தாவோடு அதே லயத்தில் இருக்கிறது. அப்போது கலா அம்மாவின் குரலுக்காகக் கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே காத்துக் கிடப்போம். இப்போது தினமும் வீடியோ கோல். வானத்தில் எந்த விமானம் எங்கே பறக்கிறது என்றுகூட அந்தப் பிள்ளை போனிலேயே பார்த்துச் சொல்லிவிடும். எல்லாம் இலேசாகிவிட்டது என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

போன ஞாயிறு கலா பேசினாள். துபாய் போனபிறகு முதல் தடவையாக அடுத்த மாதம் லீவில் வருகிறாளாம். "நானும் மகளும் ஏர்போர்ட்டுக்கு வர்றோம்டி" என்றேன்.

"நீ வா புள்ள. ஒம் மகளக் கூட்டிட்டு வராத. கோவிச்சுக்காத."

"ஒம் மகளத் தெனமும் பாக்குறியேடி..."

"பாக்குறேன்தான். போன்ல மொகம் மட்டுந்தானே தெரியிது. எம்புட்டு வளந்திருக்கான்னு தெரியலயே."

சரி, கூட்டிக்கொண்டு வரவில்லை என்றேன்.